அயோஸ்டா பள்ளத்தாக்கில் ஒயின் தேடிப் போகிறவர்களுக்கு: விசா முதல் சுங்கம் வரை

இத்தாலியின் வடமேற்கு மூலையில், பிரான்சும் சுவிட்சர்லாந்தும் முட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது அயோஸ்டா பள்ளத்தாக்கு. இத்தாலியின் 20 பிராந்தியங்களில் மிகச் சிறியது இதுதான். பரப்பு 3,261 சதுர கிலோமீட்டர், நம் நீலகிரி மாவட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிது. இத்தாலியனும் பிரெஞ்சும் இங்கே ஆட்சிமொழிகள். திராட்சைத் தோட்டம் எல்லாம் சேர்த்து 500 ஹெக்டேர்கூட வராது. விளைவதில் பெரும்பங்கை உள்ளூர்க்காரர்களும் பனிச்சறுக்க வருகிறவர்களும் குடித்துத் தீர்த்துவிடுவதால் வெளியே வருவது சொற்பம். ருசி பார்க்க வேண்டுமானால் போய்த்தான் ஆக வேண்டும்.

போவதில்தான் சிக்கல்கள். ரயில் பாதை பாதியில் நிற்கிறது. அறுவடைக் காலத்தில் சுரங்கச் சாலை மூடிக்கிடக்கிறது. ஒயின் தயாரித்து விற்கும் கூடத்தின் கதவு பூட்டியிருக்கிறது. லேபிளில் எழுதியிருப்பது ஒன்று, நாம் புரிந்துகொள்வது வேறொன்று. முன்கூட்டியே தெரிந்தால் இவை எல்லாமே தவிர்க்கக்கூடியவை.

1. விடுதி தேடும் முன் ஆற்றைப் பாருங்கள்

வரைபடத்தில் தோரா பால்தேயா ஆற்றைக் கண்டுபிடியுங்கள். மோன் ப்ளான் மலையடியில், கூர்மாயர் ஊருக்குச் சற்று மேலே இரண்டு ஓடைகள் சேர்ந்து இந்த ஆறாகின்றன. அது அயோஸ்டா நகரைத் தாண்டிக் கிழக்கே ஓடி, ஷாத்தியோன் பக்கம் தெற்கே திரும்பி, போன்-சேன்-மார்த்தேன் ஊருக்குக் கீழே சமவெளியில் இறங்குகிறது. ஒயின் ஊர்கள் எல்லாம் இந்த ஆற்றோரத்தில்தான். எஸ்.எஸ். 26 என்ற அரசுச் சாலையும் ஆற்றை ஒட்டியே போகிறது. அடியில் உள்ள தோனாஸ் முதல் உச்சியில் உள்ள மொர்ஜே வரை ஏறக்குறைய 75 கிலோமீட்டர்தான். ஆகவே இரண்டு மூன்று ஊர்களில் அறை எடுக்க வேண்டியதில்லை. நடுவில் இருக்கும் அயோஸ்டாவில் தங்கிக்கொண்டு ஒருநாள் கீழே, ஒருநாள் மேலே என்று போய்வரலாம்.

அடுத்து, எந்தக் கரை என்று பாருங்கள். ஆறு மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் நடுப்பகுதியில் இடக்கரைச் சரிவு தெற்கு பார்த்தது. நாள் முழுக்க வெயில் வாங்கும். உள்ளூரில் அதை ஆத்ரே என்பார்கள். எதிர்க்கரை ஆன்வேர், நிழல் பக்கம். கொடிகளில் பெரும்பாலானவை வெயில் கரையில்தான். எமாவில் போன்ற சில ஊர்கள் மட்டும் வலக்கரையில் திராட்சை வளர்க்கின்றன. தோட்டம் பார்க்கக் காலையில் போவதா மாலையில் போவதா என்பதற்கும் இதுவே கணக்கு. ஜூலை மதியத்தில் ஆத்ரே சரிவின் கல் அடுக்குகளில் ஏறினால் மலைநாடு என்பதே மறந்துவிடும். சுவர்க் கல் தோசைக்கல்லாகக் காயும்.

மூன்றாவது, உயரம். தோனாஸ் கடல் மட்டத்திலிருந்து 320 மீட்டர் வாக்கில் இருக்கிறது. அயோஸ்டா 583 மீட்டர், மொர்ஜே 923 மீட்டர். மொர்ஜே, லா சால் ஊர்களின் கொடிகள் ஏறக்குறைய 1,200 மீட்டர் வரை ஏறுகின்றன. ஐரோப்பாவில் இவ்வளவு உயரத்தில் திராட்சை பயிராகும் இடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. கீழே சிவப்பு, உச்சியில் வெள்ளை என்று நினைவில் வைத்துக்கொண்டால் முக்கால்வாசி சரியாக இருக்கும்.

மழை பற்றியும் ஒரு தப்பெண்ணம் உண்டு. ஆல்ப்ஸ் என்றதும் குடை தேடுகிறோம். ஆனால் சுற்றிலும் 4,000 மீட்டர் மலைகள் ஈரக்காற்றை மறித்துவிடுவதால் அயோஸ்டா நகரத்தில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் பெய்கிறது, சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. பனியாற்றுத் தண்ணீரைச் சரிவோடு கொண்டுவரும் பழைய வாய்க்கால்கள் இல்லாவிட்டால் இங்கே பயிர் ஏது? அவற்றின் பெயர் ரு. சில ரு வாய்க்கால்களின் ஓரமாக ஏற்ற இறக்கமில்லாத நடைபாதைகள் இருக்கின்றன. ருசி பார்த்துவிட்டு நடக்க அதைவிட நல்ல வழி இல்லை.

2. ஏழு பெயர்களையும் லேபிள் பொறிகளையும் தெரிந்துகொள்ளுங்கள்

ஒயின் எந்த இடத்தில் விளைந்தது என்பதற்கு உறுதி தரும் தோற்றப் பெயர்ச் சான்று பிராந்தியம் முழுவதற்கும் ஒன்றே ஒன்றுதான். லேபிளில் அது இத்தாலியனில் வாலே தாவோஸ்தா என்றோ பிரெஞ்சில் வலே தாவோஸ்த் என்றோ இருக்கும், பின்னால் டி.ஓ.சி. என்று வரும். இரண்டும் ஒன்றுதான், வேறு வேறு தரம் இல்லை. டி.ஓ.சி.ஜி. என்ற மேல்தரம் இங்கே இல்லவே இல்லை. அதைக் கேட்டு நின்றால் கடைக்காரர் சிரிப்பார்.

இந்த ஒரு சான்றுக்குள் ஏழு உட்பகுதிகள். ஆற்றின் உச்சியிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே பார்ப்போம்.

மொர்ஜே, லா சால்: ப்ரியே ப்ளான் என்ற வெள்ளைத் திராட்சை மட்டும். எலுமிச்சையும் மலைப்புல்லும் கலந்த வாசம், கூரான புளிப்பு, குறைந்த ஆல்கஹால். திராட்சையின் வேரைத் தின்னும் ஃபிலாக்சரா பூச்சி இந்த உயரத்துக்கு ஏறாததால் இங்கே கொடிகள் ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன. பந்தல்தான் போட்டிருப்பார்கள், ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் நாம் நிமிர்ந்து நடக்கும் பந்தல் அல்ல. இடுப்பளவுதான் இருக்கும். பகலில் மண் வாங்கிய சூடு இரவில் கொடிக்குக் கிடைக்கட்டும் என்று அவ்வளவு தாழ்வாகக் கட்டுகிறார்கள். பறிப்பவர் குனிந்தே இருக்க வேண்டும்.

ஆன்ஃபேர் தார்வியே: ஆர்வியே ஊரின் மேல் அரைவட்டக் கிண்ணமாக வளைந்த, சில ஹெக்டேர்களே உள்ள தோட்டம். ஆன்ஃபேர் என்றால் நரகம். கோடையில் அங்கே அடிக்கும் சூட்டுக்கு வைத்த பெயர். ஒயினில் குறைந்தது 85 சதவீதம் பெத்தீ ரூஜ் என்ற உள்ளூர்ச் சிவப்பு இருக்க வேண்டும்.

தோரெத்: அயோஸ்டாவுக்கு மேற்கே, சேன்-பியேர், எமாவில் வட்டாரம். ஏழில் அதிகம் விளைவது இதுதான். குறைந்தது 70 சதவீதம் பெத்தீ ரூஜ். தோரெத் என்பது இடத்தின் பெயர், திராட்சையின் பெயர் அல்ல. முதல்முறை வருகிறவர்களுக்குக் கையில் கொடுக்க வேண்டிய கிளாஸ் இதுவே.

நூஸ்: உள்ளூர்த் திராட்சைகள் கலந்த சிவப்பு. கூடவே மால்வுவாசி என்ற வெள்ளை.

ஷாம்பாவ்: சிவப்பும் உண்டு, ஆனால் பெயர் வாங்கித் தந்தது மஸ்கட். ஷாம்பாவில் வளர்வது சிறுமணி வெள்ளை மஸ்கட். அதன் பிள்ளை அலெக்சாண்டிரியா மஸ்கட், அதன் பிள்ளை ஹாம்பர்க் மஸ்கட். அந்த ஹாம்பர்க் மஸ்கட்டைத்தான் தேனி மாவட்டத்தில் பன்னீர் திராட்சை என்று விற்கிறார்கள். பேத்தியின் வாசம் தெரிந்த மூக்குக்குப் பாட்டியை அடையாளம் கண்டுகொள்வது கஷ்டமே இல்லை.

ஆர்னா–மோன்ஜொவே, அதற்கும் கீழே தோனாஸ்: இரண்டும் நெபியோலோ திராட்சை. பக்கத்துப் பிராந்தியமான பியமோந்தேயில் பரோலோ என்ற சிவப்பு ஒயின் செய்யும் அதே திராட்சை, இங்கே பிகோதெந்த்ரோ என்று பெயர். ஆர்னாவில் குறைந்தது 70 சதவீதம், தோனாஸில் 85. பரோலோவின் பருமன் இருக்காது. மெலிந்த, நேரான ஒயின்.

உட்பகுதிப் பெயர் இல்லாமல் திராட்சைப் பெயர் மட்டும் போட்ட லேபிள்களும் நிறைய: ஃப்யுமின், கொர்னாலின், மயோலே, பெத்தீத் ஆர்வின். ஃப்யுமினை மட்டும் எங்கே கண்டாலும் விடாதீர்கள். கறுத்த, மிளகு வாசமுள்ள, முரட்டுச் சிவப்பு அது. திறந்து ஒரு மணி நேரமாவது காற்றாட வைத்துவிட்டுக் குடியுங்கள்.

இனி பொறிகள். நான்கை மட்டும் சொல்கிறோம். பணம் வீணாவது பெரும்பாலும் இவற்றில்தான்.

ஷாம்பாவ் மஸ்கட் என்று மட்டும் எழுதியிருந்தால் அது இனிப்பில்லாத ஒயின். வாசத்தை நம்பித் தித்திப்பை எதிர்பார்க்காதீர்கள். இனிப்பு வேண்டுமானால் ஃப்லெத்ரி என்ற சொல் இருக்க வேண்டும். திராட்சையைப் பறித்த பிறகு உலரவைத்துப் பிழிந்தது என்று பொருள். இத்தாலியன் லேபிளில் அதுவே பாசீத்தோ.

நூஸ் மால்வுவாசிக்கும் மால்வாசியா திராட்சைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது பினோ கிரிஜோ என்ற திராட்சை. சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் வெளிறிய பினோ கிரிஜோவை நினைத்தும் ஒதுக்கிவிடாதீர்கள், இது கனமானது.

கொர்னாலின் என்ற பெயர் மலைக்கு இருபுறமும் இருக்கிறது, திராட்சை மட்டும் வேறு. அயோஸ்டா கொர்னாலினைச் சுவிட்சர்லாந்தின் வலே மாகாணத்தில் உமாஞ் ரூஜ் என்பார்கள். அங்கே கொர்னாலின் என்று விற்பது இன்னொரு திராட்சை. இரண்டையும் வாங்கிவந்து ஒப்பிடப்போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உச்சரிப்பு. மொர்ஜே என்பதை எழுதும்போது கடைசியில் எக்ஸ் வரும். சொல்லும்போது அது வராது. மொர்கெக்ஸ் என்று கேட்டால் பேருந்து ஓட்டுநருக்குப் புரியாது.

3. மாதம் தேர்ந்தெடுப்பது

மே, ஜூன் மாதங்கள்தான் முதல் தேர்வு. கொடி தளிர்த்திருக்கும், கூடத்தில் ஆளிருப்பார்கள், அறை வாடகை ஏறியிருக்காது. மே கடைசி வார இறுதியில் இத்தாலி முழுக்க கன்டீனே அப்பெர்த்தே நடக்கும்: வழக்கமாகப் பூட்டியிருக்கும் கூடங்கள் சிலவும் அன்று திறக்கும். திறப்பவை எவை என்று அந்தந்த ஆண்டுப் பட்டியலில் பார்த்துவிட்டுத் தேதி போடுங்கள்.

செப்டம்பரில் போனால் அறுவடை பார்க்கலாம் என்று தோன்றும். பார்க்கலாம், தூரத்திலிருந்து. குடும்பமாக நடத்தும் கூடங்களில் ஒயின் ஊற்றுகிறவரும் திராட்சை பறிக்கிறவரும் ஒரே ஆள்தான். மின்னஞ்சலுக்குப் பதிலே வராது. அக்டோபர் பாதிக்குப் பிறகு நிலைமை சீராகும். இலையெல்லாம் பொன்னிறமாக இருக்கும் அந்த இரண்டு மூன்று வாரம் இரண்டாவது தேர்வு. பார் என்ற ஊரின் கோட்டையடியில் அக்டோபரில் மார்ஷே ஓ ஃபோர் என்ற உள்ளூர் உணவுச் சந்தையும் கூடும். பிராந்தியத்தின் ஒயினும் பாலாடைக்கட்டியும் ஒரே தெருவில் வரிசைகட்டும்.

ஆகஸ்ட் 15-ஐச் சுற்றிய இரண்டு வாரத்தைத் தவிருங்கள். அது இத்தாலியர்களின் விடுமுறை. அறை கிடைக்காது, கிடைத்தால் கட்டுப்படியாகாது. டிசம்பர் முதல் மார்ச் வரை பனிச்சறுக்குக் கூட்டம். ஒயினுக்காக மட்டும் வருகிறவருக்கு அப்போது வேலை இல்லை.

4. விசாவும் காகிதங்களும்

சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், கனடா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு 180 நாளில் 90 நாள் வரை விசா வேண்டாம். இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசா, கட்டாயம்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 45. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இதில் எதுவும் திரும்பாது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும். சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும். கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை இழுக்கும். மே, ஜூன் பயணத்துக்கு நேர்காணல் தேதி கிடைப்பதே பாடாக இருப்பதால் மூன்று மாதம் முன்னால் தொடங்குவது நல்லது.

பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் கொடுத்ததாக இருக்க வேண்டும். ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பின் இன்னும் 3 மாதமாவது செல்ல வேண்டும். இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் செல்லுபடியாவதாக எடுங்கள். வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரி ஆவணம், வேலையிடத்து விடுப்புக் கடிதம், போய்வரும் விமான முன்பதிவு, ஒவ்வோர் இரவுக்கும் தங்குமிட முன்பதிவு ஆகியவை வழக்கமான பட்டியல். அறைகளை இலவசமாக ரத்து செய்யக்கூடியதாகவே பதிவு செய்யுங்கள்.

இந்தப் பயணத்துக்கே உரிய பொறி ஒன்று உண்டு. அயோஸ்டாவுக்கு ஜெனீவா விமான நிலையமும் பக்கம்தான். அதனால் பலர் ஜெனீவாவில் இறங்கி, பிரான்சின் ஷமோனியில் இரண்டு இரவு, இத்தாலியில் மூன்று இரவு, திரும்பவும் சுவிஸ் என்று திட்டம் போடுகிறார்கள். அதிக இரவு எந்த நாட்டிலோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். இரவுகள் சமமானால் முதலில் நுழையும் நாட்டிடம். மூன்று நாட்டுக்கும் இரவுகளை விரல்விட்டு எண்ணிய பிறகே விண்ணப்பியுங்கள். இத்தாலிக்கு விண்ணப்பித்துவிட்டு ஷமோனியில் இரவுகளைக் கூட்டிக் காட்டினால் விண்ணப்பமே அடிபடும்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் புகைப்படமும் பதியும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. முதல்முறை நுழைகிறவருக்கு நேரம் பிடிக்கும். பிராங்க்ஃபர்ட், பாரிஸ் வழியாக மாறிப் போகிறவர்கள் அடுத்த விமானத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி வையுங்கள்.

5. போய்ச் சேருவது

தொரீனோ (டூரின்) விமான நிலையம் எல்லாவற்றிலும் வசதி. அங்கிருந்து சாலையில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். மிலானோவின் (மிலான்) மல்பென்சா விமான நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். சென்னையிலிருந்து டிக்கெட் மல்பென்சாவுக்குத்தான் மலிவாகக் கிடைக்கும். அந்த மிச்சத்தில் பாதி சாலையில் போய்விடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ரயிலை நம்புகிறவர்கள் கவனியுங்கள். தொரீனோவிலிருந்து அயோஸ்டா வரை பாதை வரைபடத்தில் இருக்கும், டிக்கெட்டும் விற்பார்கள். ஆனால் வழியில் உள்ள இவ்ரேயாவுக்கு மேலே மின்மயமாக்கும் பணிக்காக 2024 ஜனவரி முதல் பாதையை மூடியிருக்கிறார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டு வேலை என்று அறிவித்தார்கள். இவ்ரேயாவில் இறங்கிப் பதிலிப் பேருந்தில் ஏற வேண்டும். நீங்கள் போகும் நாளில் ரயிலா பேருந்தா என்பதைக் கால அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். அயோஸ்டாவுக்கு மேலே ப்ரே-சேன்-திதியே வரை போன ரயில் 2015 கடைசியிலேயே நின்றுவிட்டது. மொர்ஜேக்குப் பேருந்து மட்டும்தான். ஞாயிறும் விடுமுறை நாளும் பேருந்துகள் குறையும்.

பிரான்ஸ், ஜெனீவா பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு 11.6 கிலோமீட்டர் மோன் ப்ளான் சுரங்கம். காருக்கு ஒரு வழிச் சுங்கமே 50 யூரோவைத் தாண்டும். ஏழு நாளுக்குள் திரும்புவதானால் போகவர டிக்கெட்டாகவே வாங்குங்கள், நிறைய மிச்சம். இதைவிடப் பெரிய விஷயம், சுரங்கம் பராமரிப்புக்காக மாதக்கணக்கில் மூடப்படுகிறது. 2024, 2025 இரண்டு ஆண்டும் செப்டம்பர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் நடு வரை மூடினார்கள், அதாவது அறுவடை தொடங்கி இலையுதிர் காலம் முடியும் வரை. மாற்று வழி சுவிட்சர்லாந்தின் மார்த்தினியிலிருந்து வரும் பெரிய சேன் பெர்னார் சுரங்கம். அதற்கு மேலே உள்ள 2,469 மீட்டர் கணவாய்ச் சாலை கோடையில் மட்டும் திறந்திருக்கும். நேரம் இருந்தால் அந்தக் கணவாய் வழியே வாருங்கள். கட்டணம் இல்லை, காட்சி உண்டு.

6. கார் எடுப்பதா?

சரிவுத் தோட்டங்களுக்குப் பேருந்து போகாது. ஆனால் ருசி பார்த்தவர் வண்டி ஓட்டக்கூடாது. இத்தாலியில் ரத்த ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம். உரிமம் பெற்று மூன்று ஆண்டு ஆகாதவருக்கும் 21 வயதுக்குக் கீழானவருக்கும் வரம்பு பூஜ்யம். சாலைச் சோதனை நடக்கும். இருவர் மூவராகப் போனால் ஒருநாளைக்கு ஒருவர் என்று ஓட்டுநர் முறை வைத்துக்கொள்வதே நடைமுறை. தனியாகப் போனால் கூட்டுறவுக் கூடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவை பெரும்பாலும் எஸ்.எஸ். 26 ஓரமாகவே இருப்பதால் பேருந்திலேயே சமாளிக்கலாம்.

இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். அசல் உரிமம் கையில் இல்லாவிட்டால் அனுமதி செல்லாது. நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை குளிர்கால டயரோ, வண்டியில் சங்கிலியோ இருக்க வேண்டும். மலைச்சாலைகள் சிலவற்றில் இது முன்னதாகவே தொடங்கும். ஏ5 நெடுஞ்சாலையின் சுங்கம் இத்தாலியர்களே புலம்பும் அளவு, அவசரமில்லையென்றால் எஸ்.எஸ். 26 இலவசம். அயோஸ்டாவின் பழைய நகரத்துக்குள் வண்டி நுழையத் தடை உண்டு. கேமரா பிடித்தால் அபராதம் மாதங்கள் கழித்து வாடகைக் கார் நிறுவனம் வழியாக வீட்டுக்கு வரும்.

7. கூடங்களில் நேரம் வாங்குவது

இரண்டு வகைக் கூடங்கள். கூட்டுறவுக் கூடத்துக்கு விற்பனைக் கடை இருக்கும், கடை நேரத்தில் சும்மா நுழையலாம். மொத்தம் ஆறு கூட்டுறவுகள் இருக்கின்றன, அவை ஆற்றின் வரிசையிலேயே அமைந்திருப்பது நம் அதிர்ஷ்டம்: மொர்ஜேயில் காவ் மோன் ப்ளான், ஆர்வியேயில் கோ-ஆன்ஃபேர், எமாவிலில் காவ் தே ஓன்ஸ் கொம்யூன், ஷாம்பாவில் லா க்ரோத்தா தி வெஞெரோன், ஆர்னாவில் லா கியூவா, தோனாஸில் காவ் கோஓப்பரேத்தீவ் த தோனாஸ். ஏழு உட்பகுதியில் ஆறு இப்படியே கைக்கு வந்துவிடும். நூஸ் ஒயின் ஷாம்பாவ் கூட்டுறவிலேயே கிடைக்கும்.

குடும்பக் கூடங்களுக்கு முன்பதிவு கட்டாயம். இரண்டு மூன்று வாரம் முன்னால் இத்தாலியனிலோ பிரெஞ்சிலோ மின்னஞ்சல் போடுங்கள். தேதி, நேரம், எத்தனை பேர், எந்த மொழி, ருசி பார்க்க மட்டுமா தோட்டமும் பார்க்கவா, இவ்வளவு எழுதினால் போதும். நான்கு வரிக்கு மேல் வேண்டாம். பதில் வராவிட்டால் தொலைபேசியில் கூப்பிடுங்கள், காலை 9 முதல் 11-க்குள். மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று வரை ஊரே அடங்கிவிடும், அந்த நேரத்துக்குச் சந்திப்புக் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பலர் திறப்பதில்லை.

ஒருநாளைக்கு மூன்று கூடம் உச்சவரம்பு. ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம், இடையில் சாப்பாடு. ருசிக் கட்டணத்துக்கு ஆளுக்கு 15 முதல் 25 யூரோ ஒதுக்குங்கள். பாட்டில் வாங்கினால் சில இடங்களில் கழித்துக்கொள்வார்கள். நான்கு நாள் இருந்தால் தோனாஸ், ஆர்னா, பார் கோட்டை முதல் நாள், ஷாம்பாவ், நூஸ் இரண்டாம் நாள், சேன்-பியேர், எமாவில், ஆர்வியே மூன்றாம் நாள், மொர்ஜே கடைசி. சிவப்பில் தொடங்கி வெள்ளையில் முடிப்பது ருசி பார்க்கும் முறைக்குத் தலைகீழ் என்று ஒயின் பண்டிதர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் பயணத்துக்கு இதுவே தோது: கடைசி நாள் காலையில் கூர்மாயரிலிருந்து 3,466 மீட்டர் உயரப் புன்தா எல்ப்ரோனர் வரை ஏறும் ஸ்கைவே கேபிள் காரை முடித்துவிட்டு, இறங்கும் வழியில் மொர்ஜேயில் உட்காரலாம். இதை மாற்றிச் செய்யாதீர்கள். ஒயின் குடித்துவிட்டு அந்த உயரத்துக்குப் போனால் தலை சுற்றும்.

துப்பும் பாத்திரம் மேசையில் இருக்கும். துப்புவது மரியாதைக் குறைவு இல்லை, மூன்று கூடம் போகிறவர் துப்பித்தான் ஆக வேண்டும்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே தட்டில் வருவது ஃபொந்தீனா பாலாடைக்கட்டி, ஆர்னாவின் பன்றிக் கொழுப்பு, மொசெத்தா என்ற உலர்ந்த இறைச்சி. சைவம் என்று சொன்னால் ஃபொந்தீனாவை மட்டும் வைப்பார்கள். அது கன்றுக்குட்டியின் இரைப்பை நொதியில் உறைய வைத்தது. கண்டிப்பான சைவர்கள் ரொட்டியும் வால்நட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ரொட்டியும் முட்டைக்கோசும் போட்ட வால்பெலினே சூப்பும் சைவம்போலத் தெரியும். அடியில் இருப்பது மாட்டிறைச்சிச் சாறு.

8. வாங்குவதும் வீட்டுக்குக் கொண்டுவருவதும்

கூடத்து விலையில் தோரெத்தும் மொர்ஜே வெள்ளையும் சுமார் 12 முதல் 20 யூரோவுக்குள் வரும். ஃப்யுமின், தோனாஸ் அதற்கு மேல். ஃப்லெத்ரி சின்ன பாட்டிலில்தான் வரும், ஆனால் விலை பெரிய பாட்டிலைத் தாண்டும்.

எத்தனை பாட்டில் என்பதை நாக்கு முடிவு செய்யக்கூடாது, எந்த நாட்டுச் சுங்கம் வழியாகப் போகிறீர்கள் என்பது முடிவு செய்ய வேண்டும். இந்தியாவுக்குப் பெரியவர் ஒருவருக்கு 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டும் 500 மில்லி ஃப்லெத்ரி ஒன்றும் என்றால் கணக்கு அச்சாகப் பொருந்தும். மூன்றாவது முழு பாட்டில் வரம்பைத் தாண்டும். தாண்டியதற்கு வரி பாட்டில் விலையையே மிஞ்சும். விமான நிலைய வரியில்லாக் கடையில் வாங்குவதும் இதே 2 லிட்டருக்குள்தான் சேரும். பிரிட்டனுக்கு நுரைக்காத ஒயின் 18 லிட்டர். கனடாவுக்கு 1.5 லிட்டர், இரண்டே பாட்டில். பாரிசிலிருந்து காரில் வருகிறவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சொந்த உபயோகம் என்றால் 90 லிட்டர் வரை கேள்வி இல்லை. ஆனால் சுவிஸ் வழியாகத் திரும்பினால் ஆளுக்கு 5 லிட்டர்தான் வரியில்லாமல். அதற்கு மேல் லிட்டருக்கு 2 பிராங்க், பெர்னார் சுரங்கத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இது நினைவிருக்கட்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருப்பவர்களுக்கு 22 சதவீத மதிப்புக்கூட்டு வரியில் ஒரு பங்கு திரும்பும். ஒரே கடையில், ஒரே ரசீதில் 70 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். 2024 பிப்ரவரிக்கு முன் இந்த வரம்பு 154.94 யூரோவாக இருந்தது, பழைய தகவலை நம்பிப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கடை அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று காசு கொடுக்கும் முன் கேளுங்கள். பாஸ்போர்ட் கையில் வேண்டும். பாட்டில் திறக்காமல் இருக்க வேண்டும். சுங்கச் சரிபார்ப்பு ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி இடத்தில் நடக்கும். பெட்டியைச் செக்-இன் செய்த பிறகு பாட்டிலைக் காட்ட முடியாது, ஆகவே முதலில் சுங்கம், பிறகு செக்-இன். சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை என்பதையும் மறக்காதீர்கள்: ஜெனீவா விமான நிலையத்தில் போய் நின்றால் நேரம் கடந்துபோயிருக்கும், தரை எல்லையிலேயே முடித்திருக்க வேண்டும்.

கட்டுவது: ஒரு பாட்டில் ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ, நுரைக்கும் ஒயின் அதற்கும் மேல். கைப்பெட்டியில் போகாது. காற்றடைத்த பாட்டில் உறை இரண்டு மூன்று ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். அதற்குமேல் துணி சுற்றிப் பெட்டியின் நடுவில், சக்கரத்தின் பக்கம் அடிப்பாகம் இருக்கும்படி வையுங்கள். வளைகுடா வழியாகத் தனித்தனி டிக்கெட்டில் வருகிறவர்கள் இடையில் பெட்டியை வெளியே எடுக்க வேண்டிவருமா என்று பாருங்கள். குவைத், சவூதியில் அப்படி எடுக்க நேர்ந்தால் பாட்டிலோடு பிரச்சினையும் சேர்ந்து வரும். கூரியரில் இந்தியாவுக்கு அனுப்பச் சொல்லிக் கூடக்காரரைக் கேட்காதீர்கள். தனிநபருக்கு அது கட்டுப்படியாகாத காகித வேலை.

வீட்டுக்கு வந்தபின் மொர்ஜே வெள்ளையை அந்த ஆண்டுக்குள் குடித்துவிடுங்கள். தோனாஸ் பல ஆண்டு தாங்கும் என்று கூடத்தில் சொல்லியிருப்பார்கள். அது 12, 14 டிகிரி நிலவறையில் தாங்குவதைச் சொன்னது. சென்னைப் பரணில் ஒரு சித்திரை போதும், கார்க்கை முட்டிக்கொண்டு ஒயின் கசியும். குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் படுக்க வைத்து, குடிப்பதற்கு அரை மணி நேரம் முன் வெளியே எடுங்கள்.